வெள்ளியங்கிரி புல்மேட்டில் இடி இறங்கிய மதியம்

சித்ரா பௌர்ணமியை ஒட்டி, கோவை பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுகிறவர்கள் கோடை மழையை எதிர்பார்த்தேதான் போகிறோம். ஆனால் ஒதுங்க ஒரு இடமும் இல்லாத புல்மேட்டில் நிற்கும்போது அந்த மழை இடியோடு வந்தால் எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். இந்தச் சித்திரையில் எங்கள் குழு அப்படி மாட்டிக்கொண்டது. நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர்க்காரர்கள், வருடா வருடம் ஒரே பெரியவரோடு ஏறுகிறவர்கள், அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

எப்போதும் ராத்திரியில் ஏற ஆரம்பித்து, விடியும்போது ஏழாவது மலையில் தரிசனம் முடித்து, வெயில் உறைப்பதற்குள் பாதி மலை இறங்கிவிடுவோம். இந்த முறை வண்டி அடிவாரத்துப் பூண்டி வந்து சேரவே விடிந்துவிட்டது. அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவரைக் கும்பிட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கி, வனத்துறைக்காரர்களிடம் பையைத் திறந்து காட்டி, முதல் படியில் கால் வைக்கும்போது நல்ல வெயில்.

முதல் மலையை நான் எப்போதும் பெரிதாகவே சொல்வேன். ஒழுங்கில்லாத கல் படிகள், சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கு ஒரே படி, வெள்ளை விநாயகர் கோயில் வரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று சொல்வது சும்மா இல்லை. அதைத் தாண்டினால் காடு குளிர ஆரம்பிக்கும், வழியில் சுக்குக் காபி கிடைக்கும், பாம்பாட்டி சுனையிலும் கைதட்டிச் சுனையிலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். திருநீற்று மலையில் வெண்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு நடந்தோம். பௌர்ணமிக் கூட்டம் வேறு, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நகர முடிந்தது.

ஆறாவது மலையில் எல்லாரும் குளிக்கிற ஆண்டி சுனைக்கு முன்னால் புல்மேட்டில் நடக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. கேரளப் பக்கத்திலிருந்து மேகம் திரள ஆரம்பித்தது. சித்திரை, வைகாசியில் இந்த மலையில் இது வழக்கம்தான். காலையிலிருந்து காய்ந்த தரையால் சூடான ஈரக்காற்று சரிவில் மேலே ஏறி, பிற்பகலில் இடிமேகமாக நிற்கும். ராத்திரியில் ஏறி வந்தால் இதற்கு முன்பே இறங்கியிருப்போம். எதிரே ஏழாவது மலையின் முடி தெரிந்துகொண்டே இருந்தது, அப்புறம் ஒரு நொடியில் தெரியவில்லை. காற்று குளிர்ந்து திசை மாறியது, தொலைவில் முதல் இடி உருண்டது.

எங்களோடு வந்த பையன்களில் ஒருவன், "முடிக்கு ஓடிட்டா பாறைக்குள்ள ஒதுங்கிக்கலாம், வாங்க" என்றான். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. மேலே பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து குகைபோல நிற்க, அதற்குள்தான் ஆண்டவர் சுயம்புவாக இருக்கிறார். ஆனால் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான், போதாததற்கு பக்தர்கள் நட்ட இரும்புச் சூலங்கள். மின்னலுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை, ஆழமில்லாத பாறை இடுக்குக்குள் ஒதுங்குவதும் ஆபத்து. பெரியவர் அவன் தோளில் கை வைத்து, "சாமி எங்கயும் போயிராது கண்ணு, இன்னைக்கு இங்கயே உக்காரச் சொல்றாரு, உக்காரு" என்றார்.

எங்களில் ஒரு வாத்தியார் உண்டு. மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பிப்பார், இடி கேட்டதும் நிறுத்துவார். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. பன்னிரண்டு வரை எண்ணியவர், அப்புறம் ஆறு, அப்புறம் வாயைத் திறப்பதற்குள் இடி. மேட்டை விட்டு இறங்கி, சரிவில் தாழ்வான இடமாகப் பார்த்து, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் இடைவெளி விட்டுக் குந்தி உட்கார்ந்தோம், பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து, தலையைக் குனிந்து. தனியாக நின்ற ஒரு மரத்தடிக்குப் போனவர்களையும் கூப்பிட்டு இறக்கினோம். தடிகளையும், ஒருவர் நேர்த்திக்கடனுக்குக் கொண்டுவந்த சின்னச் சூலத்தையும் தள்ளி வைத்தோம். அவர் கண் கலங்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கையை விட்டு வைக்க அவருக்கு மனசே இல்லை.

மழை சும்மா பெய்யவில்லை, கல் மழை. முதுகில் ஆலங்கட்டி விழ விழ, கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு நமசிவாய சொன்னோம். வீட்டில் விளக்கேற்றி வைத்து எத்தனையோ தடவை சொன்ன ஐந்தெழுத்துதான், ஆனால் மின்னல் வெட்டிய வெளிச்சத்தில் பக்கத்துப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்போது சொல்வது வேறு. வேண்டுதல் எதுவும் ஞாபகத்துக்கே வரவில்லை. கேட்டது ஒன்றுதான், எல்லாரையும் பத்திரமாக இறக்கிவிடு அப்பா.

சத்தம் தூரப் போன பிறகும் வாத்தியார் எழுந்திருக்க விடவில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும் என்றார். நடுவில் ஒரு இடி கேட்டது, மறுபடியும் முதலிலிருந்து அரை மணி நேரம். பசங்கள் முணுமுணுத்தார்கள், பெரியவர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் காத்திருப்பும் தரிசனத்தில் சேர்த்திதான், அதை யாரும் தாமதம் என்று சொல்லக்கூடாது என்றே நினைக்கிறேன்.

ஆண்டி சுனையில் அன்றைக்குக் குளிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, இருந்தாலும் முறைக்குத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். ஏழாவது மலை முழுக்கச் சேறு. தடியை ஊன்றினால் வழுக்குகிறது, கடைசிப் பகுதியைக் கையும் காலுமாகத்தான் ஏறினோம். குகைக்குள் பாறை இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கற்பூரம் பற்றவே இல்லை, இன்னொரு குழு கொண்டுவந்த விளக்கிலிருந்து பற்றவைத்துக் கொடுத்தார்கள். சூலம் கொண்டுவந்தவர் அதை நட்டுவிட்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், நாங்கள் அவருக்காக நின்றோம்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் முதல் மலைப் படிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஏறுவதைவிட அதை இறங்கத்தான் அதிக நேரம் பிடித்தது, ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. பூண்டிக்கு வந்ததும் பெரியவர் முதல் வேலையாக ஆளை எண்ணினார், எல்லாரும் இருக்கிறார்கள் என்று ஆன பிறகுதான் ஈர வேட்டியைப் பிழிந்தார். "அடுத்த வருஷம் வண்டி எந்நேரம் வந்தாலும் சரி, ராத்திரி ஏறலைன்னா ஒரு நாள் தங்கி மறுநா ராத்திரிதான் ஏறோணும், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றார். சரிங்க என்றோம்.