முதலில் நன்றி, பிறகு கணக்கு

ஆன்ம சோதனை, அதாவது நம் நடத்தையை நாமே ஆராய்ந்து பார்ப்பது, என்றதும் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) முந்தைய ஐந்து நிமிட அவசரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரோ அதை அன்றாட வேலையாக்கினார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அதற்கு ஐந்து படிகள்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிய அருள் கேட்பது, எழுந்தது முதல் மணிக்கு மணி பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். முடிவில் இயேசு கற்பித்த செபமான பரலோக மந்திரம் ஒன்று.

முதல் இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதுக்கு ஓடுவதுதான் வழக்கமான தவறு. நன்றி இல்லாமல் தொடங்கினால் தன்னைத்தானே திட்டித் தீர்ப்பதோடு நின்றுவிடும். அருள் கேட்காவிட்டால் நம் வழக்கில் நாமே நீதிபதி. தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது படியில் முதலில் சிந்தனை, பிறகு சொல், பிறகு செயல். பூசையில் ‘கடமையில் தவறியதாலும்’ என்றும் சேர்த்துச் சொல்கிறோமே, அதுதான் எளிதில் நழுவும்: பார்க்கப் போகாத நோயாளி, தள்ளிப்போட்ட கூலி. ‘கோபப்பட்டேன்’ என்று மட்டும் குறித்தால் பயனில்லை. யாரிடம், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? பசியோடு வீடு திரும்பும் வேளையிலேயே அது திரும்பத் திரும்ப வருகிறதென்றால், சாப்பிட்ட பிறகு பேசுவதே அன்றைய தீர்மானம்.

ஒரு குறையை மட்டும் பிடித்துக்கொள்ள அவர் தனிமுறை ஒன்றும் தருகிறார். காலையில் தீர்மானம், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் கணக்கு. ஏழு நாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடுகள்: மேலது மதியத்துக்கு, கீழது இரவுக்கு. தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. தவறிய உடனே நெஞ்சில் கைவைக்க வேண்டும். கூட்டத்தில்கூட யாருக்கும் தெரியாது என்கிறார். கீழ்க்கோட்டை மேல்கோட்டோடும், இன்றை நேற்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். முதல் வாரம் புள்ளிகள் கூடலாம். முன்பு கண்ணில் படாதவை இப்போது படுகின்றன, அவ்வளவுதான். மூன்று குறைகளை ஒன்றாக எடுத்தால் எண்ணிக்கையே குழம்பிவிடும்.

எல்லாவற்றையும் பாவமாகக் காணும் மனமுடையவர்களுக்கு இந்தப் புள்ளிக்கணக்கு வேண்டாம். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊருக்கு வந்த இஞ்ஞாசியாரே அந்த வதையில் சிக்கினார். மிகத் தெளிவானதைத் தவிர பழைய பாவங்களை மீண்டும் சொல்ல வேண்டாம் என்றார் குரு. இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! இத்தகையவர்கள் ஒரே குருவிடம் போய், அவர் சொல்வதைக் கேட்டு நடப்பது நல்லது. மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் போதும், படுக்கைக்குப் போகும் முன்பே, உட்கார்ந்தபடி.