பார்க்கட்டும் என்றேன்

பரதநாட்டியத்தில் வர்ணம், தில்லானா எல்லாம் ஒருவழியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். காதலை அபிநயத்தால் சொல்லும் பதம்தான் கஷ்டம். அதிலும் ‘தெருவில் வாரானோ’ மாதிரி ஒன்று. தில்லை நடராஜர்மேல் முத்துத்தாண்டவர் பாடியது, கமாஸ் ராகம். அடவு என்கிற ஆட்ட அசைவுகளின் துணை கிடையாது. கண், புருவம், கை, அவ்வளவுதான்.

‘அக்கா, இது சாமிதானே?’ என்று கேட்டாள் மாணவி.

‘சாமிதான். ஆனால் தெருவில் வருகிறான், நீ வாசலில் நிற்கிறாய். கும்பிடவா போகிறாய்?’

சிரித்தாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். விரல்கள் நுனியைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருக்க, தலை அசையாமல் கண் மட்டும் தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. அவன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் பின்னலைப் பின்னால் தள்ளி, வேறெதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தவர் உற்சாகமாகி அதே வரியை மறுபடி எடுத்தார்.

அவள் நிறுத்திவிட்டாள். ‘பிடித்திருக்கிறது அக்கா. ஆனால் மேடையில் எல்லாரும் என்னைத்தானே பார்ப்பார்கள், பாட்டில் வருகிறவளை இல்லையே?’

‘பார்க்கட்டும்’ என்றேன்.

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. தப்பு என்று தோன்றவில்லை. சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, பக்திக்குள் பத்திரமாக மூடிவைத்தே ஒரு தலைமுறை ஆடித் தீர்த்தது. 1975-இல் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றிய, தேவதாசி மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, சிருங்காரமே தலையாயது என்று நின்றார். அவர் பக்கம்தான் நானும். அந்தக் குறும்பை எடுத்துவிட்டால் இந்தப் பதத்தில் மிஞ்சுவது கை முத்திரை மட்டும்.

ஆனால் அவள் கேட்டது அதை இல்லையே. பாலசரஸ்வதி பிறந்த மரபின் பெண்களை ஊரே பார்த்தது, பிறகு அதே ஊர் பழித்தது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, நடனம் வேறு வீடுகளுக்குக் குடிபோனது. பார்க்கட்டும் என்று சொல்கிற நான் மேடை ஓரத்தில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பவள். என்னை யார் பார்க்கிறார்கள்?

இத்தனைக்கும் கூச்ச சுபாவம் உள்ள பெண்ணில்லை. தற்கால நடனக் குழு ஒன்றிலும் ஆடுகிறாள். அங்கே ஒரு ஆணின் முதுகில் முழு எடையையும் போட்டுச் சரிந்து இறங்குவாள், முகத்தில் சலனம் இருக்காது. இங்கே ஒரு கடைக்கண் பார்வைக்குத் தயங்குகிறாள். எனக்கு இது முதலில் புரியவில்லை. நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் கடைசிப் படைப்பான ‘சரீரா’வை (2001) நினைத்துக்கொண்டபோது கொஞ்சம் பிடிபட்டது. ஒரு பெண், ஒரு ஆண், துருபத் என்கிற இந்துஸ்தானி இசை. கதை இல்லை. உடல்கள் அவ்வளவு மெதுவாகத் திறக்கின்றன, மூச்சுக்கூடத் தெரிகிறது. அத்தனை காமம் இருந்தும் அது நம்மை நோக்கிக் கண்சிமிட்டுவதில்லை. உடல் தன் வேலையில் இருக்கிறது, நாம் பார்க்கிறோம். பதம் அப்படியில்லை, அங்கே கண் கூப்பிடுகிறது. கூப்பிடுவது அவனைத்தான், ஆனால் அவன் நிற்கும் இடத்தில் ஒரு அரங்கமே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பாட்டில் அவள் ஏங்குவதே அவன் திரும்பிப் பார்க்க மாட்டானா என்றுதான். பார்க்கப்படுவதை விரும்புகிறவளாக ஆடு என்று, பார்க்கப்படுவதற்கு அஞ்சுகிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். நடிப்பு என்றால் அதுதானே என்றும் தோன்றுகிறது. குருவின் இடத்தில் இருப்பவர் சொன்னால் சின்னப் பெண்ணால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்றும் தோன்றுகிறது. இதில் ஒன்று சரியானால் மற்றது பொய் என்றும் ஆகவில்லை.

மார்கழிக் கச்சேரியில் அந்த வரி வந்தது. பின்னல் முன்னால் வந்தது, குறும்பும் வந்தது. ஆனால் கண் அரங்கத்துக்குப் போகவில்லை. தெருக்கோடியை மேடையின் பக்கத் திரைக்கு மாற்றிவிட்டிருந்தாள். பார்வை முழுக்க அங்கேயே போய்க்கொண்டிருந்தது. சபை அவளை ஓரமாக நின்று எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒத்திகையைவிட அழகு கூடியிருந்தது என்று எனக்குப் பட்டது. என் பேச்சைக் கேட்டாளா, மீறினாளா? தெரியாது. கேட்டால் அடுத்த முறை யோசித்துச் செய்வாளோ என்று பயந்து நானும் கேட்கவில்லை.

இப்போது தெலுங்குக் கவி க்ஷேத்ரய்யாவின் பதம் ஒன்று வேண்டும் என்கிறாள். இதைவிட வெளிப்படையானது. முழு அர்த்தத்தையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெருக்கோடி எந்தப் பக்கம் என்று இந்த முறை நான் சொல்லப் போவதில்லை.