வயர்மாக்கில் ஹீப்பைத் தின்பது ஸ்டப் அல்ல, ஜர்னல்

லோடு டெஸ்ட் தொடங்கி நாலு நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போகும். பிறகு ரெஸ்பான்ஸ் டைம் மெல்ல ஏறும், டைம்அவுட் கொட்டத் தொடங்கும். உடனே எல்லோரும் அப்ளிகேஷனைத் தோண்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது, பேமென்ட் கேட்வே வேஷம் போட்டு அப்ளிகேஷனின் பின்னால் நிற்கும் வர்ச்சுவல் சர்வீஸை, அதாவது நிஜ சர்வீஸுக்குப் பதில் டெஸ்டில் நிற்கும் போலியை.

அப்படிப்பட்ட போலியை நடத்தும் ஜாவா கருவிதான் வயர்மாக். அது தனக்கு வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் அதற்குத் தான் கொடுத்த பதிலையும் மெமரியில் பதிந்து வைத்துக்கொள்ளும். இதுதான் ரிக்வெஸ்ட் ஜர்னல். 'இந்த ஏபிஐ இரண்டு முறை அழைக்கப்பட்டதா' என்று டெஸ்டின் முடிவில் வெரிஃபை செய்ய முடிவது இதனால்தான். வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிக்வெஸ்ட் 10 கேபி, பதில் 10 கேபி, விநாடிக்கு 200 அழைப்பு. விநாடிக்கு 4 எம்பி சேர்கிறது. 1 ஜிபி ஹீப் (ஜாவா புரோகிராம் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) 250 விநாடியில் நிரம்பிவிடும். நிரம்புவதற்கு முன்பே, வேண்டாத மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி) வயர்மாக்கை நிறுத்தி நிறுத்தி ஓயாமல் ஓடத் தொடங்கும். அந்த இடைநிறுத்தம் ஒவ்வொன்றும் உங்கள் அப்ளிகேஷனின் தாமதமாக ரிப்போர்ட்டில் பதிவாகும். ஸ்டப்கள் (இந்த ரிக்வெஸ்டுக்கு இந்தப் பதில் என்று முன்பே எழுதி வைப்பவை) ஆயிரம் இருந்தாலும் இந்த அளவுக்கு வருவதில்லை.

லோடு டெஸ்டுக்கு ஜர்னலே வேண்டாம். 'நோ ரிக்வெஸ்ட் ஜர்னல்' ஆப்ஷனோடு தொடங்குங்கள். ஆனால் அப்போது வெரிஃபை அழைப்புகள் எல்லாம் எரரில் முடியும். அதனால் ஃபங்ஷனல் டெஸ்டுக்குத் தனி இன்ஸ்டன்ஸ் வைத்துவிடுவது நல்லது. அதில் 'மேக்ஸ் ரிக்வெஸ்ட் ஜர்னல் என்ட்ரீஸ்' 1000 என்று கொடுத்தால், மேலே சொன்ன அளவுக்கு 20 எம்பியோடு நிற்கும். டெஸ்ட்கள் இணையாக நிறைய ஓடினால் 1000 போதாது: வெரிஃபை செய்வதற்குள் பதிவு வெளியே தள்ளப்பட்டு, வந்த அழைப்பு வரவேயில்லை என்று டெஸ்ட் தோற்கும். பதில்கள் பெரிய பிடிஎஃப் என்றால் 'லாக்டு ரெஸ்பான்ஸ் பாடி சைஸ் லிமிட்' கைகொடுக்கும். அது வெட்டுவது பதிலை மட்டும்தான். அப்லோடு செய்யும் ஃபைல் ரிக்வெஸ்டில் முழுசாகவே தங்கும்.

(வயர்மாக் போன்ற இன்னொரு கருவியான மவுன்ட்பேங்கில் ரிக்வெஸ்ட் பதிவு, நாம் கேட்டால் ஒழிய நடக்காது. சரியான முடிவு என்றே சொல்வேன்.)

கன்டெய்னரில் போடும்போது இன்னொரு வழுக்கல். 2 ஜிபி வரம்பு கொடுத்து ஹீப் அளவைச் சொல்லாமல் விட்டால், ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) அதில் 25 சதவீதம், அதாவது 512 எம்பியைத்தான் ஹீப்பாக எடுக்கும். சரி என்று ஹீப்பையும் 2 ஜிபி ஆக்கினால் ஹீப்புக்கு வெளியே ஜேவிஎம் எடுக்கும் மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டேக், டைரக்ட் பஃபர் எல்லாம் அதற்கு மேல் போய் உட்காரும். கெர்னல் கன்டெய்னரைக் கொன்றுவிடும். லாகில் ஒரு வரிகூட இருக்காது, எக்ஸிட் கோடு 137 மட்டும் மிஞ்சும். லாகில் 'அவுட் ஆஃப் மெமரி எரர்' இருந்தால் பெரும்பாலும் ஹீப் போதவில்லை. லாக் சுத்தமாக இருந்து 137 வந்தால் கன்டெய்னர் வரம்பு போதவில்லை. 2 ஜிபிக்கு 1300 எம்பி ஹீப் என்று தொடங்கலாம்.

மெமரி சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் த்ரெட்டைப் பாருங்கள். ஸ்டப்பில் 2 விநாடி தாமதம் வைத்திருந்தால் அந்த 2 விநாடியும் ஒரு த்ரெட் சும்மா காத்துக் கிடக்கும். 25 த்ரெட் இருந்தால் விநாடிக்கு 12 அழைப்பைத் தாண்டாது. த்ரெட்டை நூற்றுக்கணக்கில் ஏற்றுவதைவிட காத்திருக்கும் நேரத்தில் த்ரெட்டைப் பிடித்துவைக்காத 'அசிங்க் ரெஸ்பான்ஸ்' ஆப்ஷனை இயக்குவதே மேல்.

சந்தேகம் ஜர்னல் மேல்தானா என்று உறுதி செய்ய, ஜாவாவோடு வரும் ஜேஸ்டாட் கமாண்டை 5 விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு, ஹீப்பில் நீண்ட நாள் தங்கும் டேட்டா சேரும் பகுதியான ஓல்டு ஜெனரேஷனின் சதவீதத்தைக் கவனியுங்கள். ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஒவ்வொரு ஃபுல் ஜிசிக்குப் (ஹீப் முழுவதையும் சுத்தம் செய்யும் ஓட்டம்) பிறகும் இறங்கி நிற்கும் இடம் முன்னைவிட உயரமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் இன்னொரு ஜாவா கமாண்டான ஜேசிஎம்டியில் கிளாஸ் ஹிஸ்டோகிராம் (எந்த வகை ஆப்ஜெக்ட் எத்தனை, எவ்வளவு இடம் என்ற பட்டியல்) எடுங்கள்: பைட் அரே முதலிடத்தில் இருக்கும், ஜர்னலின் ஒவ்வொரு பதிவான 'சர்வ் ஈவென்ட்' எண்ணிக்கை நீங்கள் அனுப்பிய ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை ஒட்டி வரும். அந்த கமாண்டே ஒரு ஃபுல் ஜிசியைக் கிளப்பும் என்பதால், அளவெடுக்கும் ஓட்டம் முடிந்த பிறகு எடுங்கள்.