பிராடோவுக்குக் காதுகுத்து

என் டொயோட்டா பிராடோ காரின் முன் மட்கார்டில் காகித அச்சை ஒட்டி, வட்டத்தைப் பேனாவால் அழுத்தி வரைந்துவிட்டு, "ம், ஆரம்பி மேட்" என்று டிரில்லை என் கையில் கொடுத்தார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அதன் முனையில் இருந்த வட்ட ரம்பம் காபி டம்ளர் வாயைவிடப் பெரிது. நம் வீடுகளில் கார் வாங்கினால் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட வருஷக்கணக்கில் கிழிக்க மாட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்கி, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓட்டையா?

ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் டார்வின் நகரில் இதெல்லாம் சாதாரணம். ஸ்நார்க்கல் மாட்டத்தான் இந்த ஓட்டை. அது, தண்ணீர் புகாதபடி வண்டி காற்றிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைக்கும் குழாய். மே மாதம் ககாடு தேசியப் பூங்கா போய், ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைத் தண்ணீர் மேலே ஓடும் கேஹில்ஸ் கிராசிங் தரைப்பாலத்தில் கடந்து, பழங்குடியினர் நிலமான ஆர்னம் லேண்டுக்குள் போக ஆசை. பெயரில்தான் அலிகேட்டர், உள்ளே கிடப்பவை உப்புநீர் முதலைகள். நம் ஊரில் தண்ணீரில் கார் நின்றால் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வருவார்கள். அங்கே யார் இறங்குவது?

தாய்மாமன் மடி இல்லாமலே காதுகுத்து நடந்தது. அலறியது வண்டி, கண்ணை மூடிக்கொண்டது நான். குத்திய இடத்தில் நாம் எண்ணெய் வைப்பதுபோல, பெரியவர் விளிம்பை அரத்தால் தேய்த்து, துருப்பிடிக்காமல் காக்கும் பெயிண்டை இரண்டு கோட் அடித்தார்.

ஓட்டை போட்டது அரை மணி நேரம். அடைத்ததுதான் நாள் முழுக்க. குழாய் சேரும் இடமெல்லாம் சீலன்ட் பூசி, கிளாம்ப் முடுக்கி, எஞ்சினை ஓடவிட்டு ஸ்நார்க்கல் வாயை உள்ளங்கையால் மூடினேன். எஞ்சின் மூச்சுத் திணறி அணைய வேண்டும். அது பாட்டுக்கு ஓடியது. வேறெங்கோ காற்று புகுகிறது; காற்று புகுந்தால் தண்ணீரும் புகும். "சும்மா அழகுக்கு வைத்திருக்கிறாய்" என்றார் பெரியவர். டார்ச் அடித்துத் தேடினோம். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில், தண்ணீர் வடிய வைத்த சின்ன ரப்பர் வால்வு லேசாக வாய் பிளந்திருந்தது.

ஏழு வருஷத்தில் இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி, டார்வின் தெற்கே 12. அதே வெயில், அதே புழுக்கம். நவம்பரில் மேகம் கருக்கும்போது மட்டும் சென்னைப் புறநகர் முடிச்சூர் நினைப்பு வந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், "மெதுவாப் போனா போயிடலாம்" என்று அப்பா சான்ட்ரோவைத் தண்ணீரில் இறக்கினார். பாதி வழியில் டக்கென்று நின்றது. எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிட்டது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது; உள்ளே பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வண்டி கடைசியில் காயலான் கடைக்குப் போனது.

வால்வை அடைத்து, சீலன்ட் காய ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மறுபடி மூடினேன். உள்ளங்கையை வெடுக்கென்று உறிஞ்சியது. எஞ்சின் குலுங்கி அடங்கியது. பெரியவர் கைதட்டினார். எனக்கு வயிறு கலங்கியது.

சாயங்காலம் வீடியோ காலில் காட்டினேன். "நல்லா இருந்த வண்டியில எதுக்குடா ஓட்டை போட்ட?" என்றார் அப்பா. விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கூரை உயரமா? அன்னிக்குத் தண்ணி பானெட் வரைக்கும்தானேடா இருந்துச்சு" என்றார்.