போன் எடுக்காததால் போன வேலையும், அலைந்து வாங்கிய பி.எஃப். எண்ணும்

தம்பிக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். போன மாதம்தான் அவன் பெயரில் ஒரு பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) எண் வந்தது. அந்த 12 இலக்கத்துக்காக ஒன்றரை வருடம் அலைந்திருக்கிறோம். நம் குமரி மாவட்டத்தில் இதே மாதிரி தம்பி, தங்கையைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு இரண்டு நடையாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஒரே காலையில் முடிந்தது. சிரமம் கொடுத்தது காது சோதனைதான். சிறு வயதில் வாங்கிய அடையாள அட்டைப் புத்தகம் இருந்தும், யு.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, புதிதாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதல் தடவை போனபோது, காது மூக்கு தொண்டை டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் சான்றிதழ் பார்ப்பார் என்று திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை போனால் டாக்டர் லீவு. மூன்றாவது தடவை எல்லோரும் இருந்தார்கள். ஆதார் ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது என்று நான் வெளியே ஓடினேன். திரும்பி வருவதற்குள் தம்பியின் முறை போய்விட்டது. பெயரை வாயால் கூப்பிட்டிருக்கிறார்கள். காது கேளாதவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அறை அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "எம் பிள்ளைக்கும் போன வாரம் இப்படித்தான் ஆச்சு" என்றார். இப்போது யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும், டோக்கன் எண்ணைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி உள்ளே இருப்பவரிடம் கொடுத்து, இதைத் தூக்கிக் காட்டுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்', 60 முதல் 70 வரை என்றால் 'கேட்டல் குறைவுடையவர்'. ஆடியோகிராமில் (காது சோதனை வரைபடத்தில்) உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள பிரிவும் பொருந்த வேண்டும். நான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பெயரைக் கவனிக்காமல் வந்துவிட்டேன். ஆதாரில் தம்பியின் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல். யு.டி.ஐ.டி.யில் அந்த இனிஷியல் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருந்தது. அது பின்னால் எங்களைக் கடித்தது.

இனி, போன வேலை. நாகர்கோவிலில் நடந்த ஒரு வேலைவாய்ப்பு முகாமில் ஒரு நிறுவனம் அவனை எழுதவைத்து, ஒரு பாகத்தைப் பொருத்திக் காட்டச் சொல்லி, நன்றாக இருக்கிறது என்று பெயரை எடுத்துக்கொண்டது. இரண்டு வாரமாகத் தகவல் இல்லை. நேரில் போய்க் கேட்டேன். "மூணு தடவை கூப்பிட்டோம் மேடம், எடுக்கல. ஆர்வம் இல்லன்னு அடுத்த ஆள எடுத்துட்டோம்." விண்ணப்பத்தில் காது கேளாதவர் என்று தெளிவாக எழுதியிருந்தோம். அப்படியிருந்தும் மூன்று தடவை போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று பஸ்ஸில் தம்பி என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டுக்கொண்டே வந்தான். தக்கலை வரும்வரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்த விண்ணப்பத்திலும் கைபேசி எண் எழுதும் கட்டத்தில், எண்ணுக்கு மேலேயே "அழைக்க வேண்டாம், வாட்ஸ்அப் செய்தி அனுப்பவும்" என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். என் எண்ணையும் இரண்டாவதாகக் கொடுக்கிறோம். வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கும்போதும் இதைச் சொல்லுங்கள். அங்கேயும் போன் செய்து சரிபார்க்கும் பழக்கம் உண்டு.

இதற்கிடையில் ஒருவர், எல்லாக் கம்பெனியும் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை எடுத்தே ஆக வேண்டும், சண்டை போடு என்றார். நம்பிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அந்த 4 சதவீதம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாருக்கு 5 சதவீதம் எடுக்க ஊக்கத்தொகை என்று சட்டம் சொல்கிறதே தவிர, கட்டாயம் கிடையாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம், சம வாய்ப்புக் கொள்கையில் என்னென்ன வசதி செய்து தருவோம் என்று எழுதிவைத்திருக்க வேண்டும், அதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தது இந்த விதிதான்.

கடைசியில் ஒரு மீன்வலைக் கம்பெனியில் இடம் கிடைத்தது. நேர்காணலில் மேலாளர் எல்லாக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டார். "சார், அவனைப் பார்த்துக் கேளுங்க, நான் சைகையில சொல்றேன்" என்றேன். அவர் திரும்பி உட்கார்ந்தார். அப்புறம் பேச்சு சுலபமாகப் போனது. மாதம் 12,000 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வரும் உதவித்தொகையை நினைத்து அம்மாவுக்குத்தான் கவலை. "அந்த அறுநூறும் போயிருமே மக்களே" என்றார். போகட்டும் அம்மா என்றேன்.

மூன்று மாதம் சம்பளம் கவரில் வந்தது. வருகைப் பதிவு ஒரு நோட்டில். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இல்லை, நியமனக் கடிதம் இல்லை. கேட்டால் டிரெய்னிங் என்றார்கள். அவனோடு சேர்ந்த இன்னொரு பையனுக்கு இரண்டாவது மாதமே இ.எஸ்.ஐ. பிடித்திருந்ததைத் தம்பிதான் அந்தப் பையனின் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தான். அங்கே நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். 20 பேர் இருந்தாலே பி.எஃப். உண்டு, 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு. அதுவும் சேர்ந்த நாளிலிருந்தே. இதை ஒரு பக்கத்தில் எழுதி, தம்பி கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன். சீல் போட முதலில் மறுத்தார்கள். வாங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், ஒன்றரை மணி நேரம். வாயால் கேட்ட எதற்கும் அங்கே பதில் வரவில்லை. சீல் விழுந்த தாளுக்கு எட்டாவது நாள் பதில் வந்தது.

பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் பெயர்ச் சிக்கல். பி.எஃப். ஆதாரில் உள்ளபடிதான் பெயரை ஏற்கும். மாற்றுத்திறனாளி என்று குறிக்க யு.டி.ஐ.டி.யைக் கேட்டார்கள், அதிலோ வேறு மாதிரி பெயர். மறுபடியும் இ-சேவை மையம், திருத்த விண்ணப்பம், காத்திருப்பு. ஆதாருக்குத் தகுந்தபடி மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஆதாரில் கை வைக்காதீர்கள்.

எண் வருவதற்கு முன்பே வேலைக்கே ஆபத்து வந்தது. "அக்கா, அவன் பெல்லடிச்சாலும் மிஷின நிறுத்தமாட்டேங்கான், பின்னால வண்டி வந்தாலும் விலகமாட்டேங்கான். அடிபட்டா யாரு பொறுப்பு?" என்று ஷிப்ட் பொறுப்பாளர் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் மேலாளரிடம் போய் அந்தச் சம வாய்ப்பு விதியைக் காட்டி, பெல் ஒயரிலேயே ஒரு சிவப்பு விளக்கு மாட்டச் சொன்னேன். வண்டி வரும் வழியைப் பார்த்தபடி நிற்க அவனுடைய இடத்தை மட்டும் மாற்றுங்கள் என்றேன். விளக்குக்கும் ஒயருக்கும் சேர்த்து 450 ரூபாய் ஆனது. தம்பியே மாட்டினான். மிஷின் சத்தத்தில் பெல் சரியாகக் கேட்காத மற்றவர்களும் இப்போது அந்த விளக்கைத்தான் பார்க்கிறார்கள்.

பி.எஃப். எண் வந்துவிட்டாலும் முதல் மூன்று மாதத்துக்கான பணம் இன்னும் கட்டப்படவில்லை. மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. சீல் போட்ட நகல், சம்பளக் கவர்கள், வருகை நோட்டின் படங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருக்கின்றன. அன்றைக்குத் தம்பி லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். சம்பளம் பிடிக்காத லீவு, அவனுக்கு இதுதான் முதல் தடவை.