பழைய பிக்கப்பில் பிரேக் பெடல் மெத்தென்று போனால்

எங்களிடம் 2007 மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. அம்பத்தூரில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் தொழில், அதனால் அண்டா, நாற்காலி, இரும்புக் குழாய் என்று எப்போதும் லோடோடுதான் ஓடும். கொஞ்ச நாளாக பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. மிதித்தால் முதல் பாதி சும்மா உள்ளே போகும், அப்புறம்தான் பிடிக்க ஆரம்பிக்கும், உடனே இரண்டாவது முறை மிதித்தால் கொஞ்சம் மேலேயே நிற்கும். காலி வண்டி என்றால் சமாளித்துவிடலாம், முழு லோடோடு பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று நின்றால் வயிறு கலங்கிவிடும். இப்போது முழுவதும் சரியாகிவிட்டது. நடுவில் தெரிந்துகொண்டதை எல்லாம் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெடல் தரையைத் தொடுகிற நிலைமை வந்துவிட்டால் அந்த வண்டியை மெக்கானிக் கடைவரைகூட ஓட்டாதீர்கள், கட்டி இழுக்காதீர்கள், மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை வரவழையுங்கள்.

பெடல் மெத்தென்று இருக்கிறது என்று சொன்னவுடன் பாதிப் பேர் சொல்வது, "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு, மாத்திடுங்க". பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி அது. மாற்றுவதற்கு முன் பெடலையே கேட்டுப் பார்க்கலாம், அது நிறையச் சொல்லும். இன்ஜினை ஆஃப் செய்து, மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீரும்வரை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, அப்புறம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்துக்கொண்டே இருங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஒன்று வெளியே எங்கேயோ ஆயில் ஒழுகுகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து ஆயிலைப் பின்பக்கம் விடுகிறது. இறங்காமல், ஆனால் காலுக்கடியில் ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் ஆயில் போகும் லைனில் ஏர் இருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் உப்புகிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்த மிதியில் மேலே கெட்டியாக நின்றால் பின் சக்கரத்தோடு சுற்றும் ட்ரம்முக்கும், அதன் உள்ளே விரிந்து உரசும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் பெடல் இறங்கவில்லை. இரண்டாவது மிதியில் மேலே வந்தது, வந்த பிறகும் துள்ளல் இருந்தது. அதாவது இரண்டு வியாதி சேர்ந்து இருந்தது, மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகப்படக் காரணமே இல்லை.

பூஸ்டர்தான் கோளாறு என்று ஒருவர் அடித்துச் சொன்னார். டீசல் வண்டியில் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுக்கத் தனியாக ஒரு பம்ப் இருக்கும், நிறைய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டர் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும். அந்த பம்ப் போனாலும் சரி, பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்தாலும் சரி, பெடல் கல்லு மாதிரி கெட்டியாகும், மெத்தென்று ஆகாது. பெடலை மிதித்துப் பிடித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். எங்களுடையது இறங்கியது. பூஸ்டர் நன்றாகத்தான் இருந்தது.

ஒழுகலைத் தேடும்போது நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள், டயரின் உள்சுவரில் ஈரம் இருந்தால் தெரிந்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தையும் பார்க்கணும், அங்கே ஒழுகினால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் ஒரு சொட்டுகூட விழாது. பின்பக்க ட்ரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்த்ததில் இடதுபக்கம் கசிவு இருந்தது. இரண்டு பக்கமும் சிலிண்டரை மாற்றினோம், ஷூ மேல் இருக்கும் லைனிங்கும் புதிது. ஆயில் குடித்த லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், ஊறின ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும்.

ட்ரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் ஓடும் வண்டி, இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. லைனிங் தேயத் தேயத் தானாக நெருங்கி வரவேண்டிய ஷூ அப்படியே நின்றுவிட்டால் அந்த இடைவெளியைக் கடப்பதற்கே பெடலின் முதல் பாதி செலவாகிவிடும். அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சமாக வைத்து, ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, ட்ரம்மைச் சுற்றினால் லேசாக உரசும்வரை கொண்டுவந்து அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி வைத்தோம். கேபிளைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். இது ஒன்றிலேயே பெடல் நன்றாக மேலே வந்துவிட்டது.

துள்ளல் மட்டும் போகவில்லை.

ஆயில் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் ஐப்பசி மழையில் உப்பு ஜாடி நீர்த்துப் போகிற மாதிரிதான். டாட் 4 என்கிற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு, ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. லோடு வண்டியில் டிராஃபிக்கில் அடிக்கடி பிரேக் போட்டால் அந்தச் சூடு வந்துவிடும், கொதித்தால் ஆவி, ஆவி இருந்தால் பெடல் உள்ளே போகும். அதனால் மொத்த ஆயிலையும் மாற்றி, லைனில் இருக்கும் ஏரையும் எடுக்கச் சொன்னேன். கடையில் சேஸியில் ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி ஏர் எடுத்தார்கள். பின் சக்கரத்தில் ஏரை வெளியே விடும் நிப்பிளில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வண்டியை எடுத்தால் அதே துள்ளல். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அதேதான்.

விஷயம் புதுப்பேட்டையில் ஒரு வயதான பிரேக் மெக்கானிக்கிடம் போனபோதுதான் புரிந்தது. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார், "சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சா, தரையில இருந்துச்சா?"

"தொங்கிட்டுதான் இருந்துச்சு பாய்."

"அப்புறம் எப்படி ஆயில் வரும்? உன் வண்டியே வழியை மூடி வெச்சிருக்குமே."

பிக்கப்பில் பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸியில் ஒரு லோடு சென்சிங் வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு ராடோ ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்குப் போகும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தை அதிகம் விடும், காலியாக உயர்ந்து நின்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். சேஸியைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் வண்டியில் ஒரு கிலோகூட இல்லை என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் லைனை நெருக்கிவிடும், உள்ளே இருக்கும் ஏர் அங்கேயே தங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் எத்தனை பேரோ.

அவர் வண்டியைக் குழி மேல் நிறுத்தி, நாலு சக்கரமும் தரையில் இருக்கும்படி வைத்துதான் ஆரம்பித்தார். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மாஸ்டர் சிலிண்டர் வலதுபக்கம் இருப்பதால் தூரத்தில் இருப்பதிலிருந்து கிட்டே வருகிற வரிசை இது, சில வண்டிகளுக்கு மேனுவலில் வேறு வரிசை கொடுத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளில் மாட்டிய டியூபின் நுனி பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். "மிதி, பிடி" என்றதும் நிப்பிளைத் திறந்து, மூடின பிறகுதான் "விடு". முக்கியமாக அவர் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் தினமும் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும், ஏர் எடுக்கிறேன் என்று தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அங்கே உரசிக் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போயிற்று என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பின் லைனில் ஆயில் சரசரவென்று வந்தது, குமிழி குமிழியாகக் காற்றும் வந்தது. மீதியிருந்த கொஞ்சத் துள்ளலுக்கு முன் இடது ரப்பர் ஹோஸ் காரணம், ஒருவர் மிதிக்கும்போது கையால் பிடித்துப் பார்த்தாலே உப்புவது தெரிந்தது. உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளமும் மரையும் ஒத்துப் பார்த்து எல்லா ஹோஸையும் மாற்றிவிட்டோம். ஆயில் மட்டும் சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள், பாதி பயன்படுத்தி மூடி வைத்தது வேண்டாம்.

பாய் போகும்போது இன்னொன்றைக் காட்டினார். எங்களுக்கு முன் வைத்திருந்தவர் லோடுக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டிருக்கிறார். அதனால் முழு லோடு ஏற்றினாலும் பாடி தாழ்வதில்லை, வால்வு பாதி லோடு என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டரில் பிரஷர் கேஜ் மாட்டி, மேனுவலில் இருக்கும் அளவுக்கு அந்த ராடைச் சரிசெய்து வாங்கினேன். இப்போது லோடோடு பிரேக் அடித்தால் வண்டியின் முன்பக்கம் கீழே குத்துவது குறைந்திருக்கிறது, முன் பிரேக் பேடும் முன்பு போலச் சீக்கிரம் தேயவில்லை.