சட்டையில் குத்திய சிவப்புப் பூ

போன நவம்பரில் மாமாவோடு சிங்கப்பூரில் இருக்கும் கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போனேன். ரிசர்விஸ்ட் (ராணுவ இருப்புப்படைப் பணி) முடிந்து இருபது வருஷம் ஆகியும் அவருக்கு அந்த விறைப்பு போகவில்லை. சட்டையில் காகிதப் பாப்பிப் பூ. ஊசி வேறு வளைந்திருந்தது.

"இது எதுக்கு மாமா?"

"பழைய சிப்பாய்ங்களுக்குடா" என்றார். முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் பலருக்கு வேலை இல்லை. அவர்களுக்காகத் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருந்த நான்கு முன்னாள் வீரர் சங்கங்கள் 1921 மே மாதம் 'பிரிட்டிஷ் லீஜியன்' என்ற ஒரே அமைப்பாக ஒன்றுசேர்ந்தன. அந்த நவம்பரிலேயே பூ விற்றுக் காசு திரட்டினார்கள். ஊனமுற்றவர்கள், விதவைகள், பிள்ளைகள் எல்லாருக்கும் உதவி.

அப்புறம் சுவர்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்து, கல்லறைகூடத் தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சாமி' என்று முடியும் பெயர்களைத் தேட ஆரம்பித்தார்.